கை வெட்டிக்கொண்ட பாண்டியன்

மேனேஜர் வீடு தேடி வருகிறார் என்றாலே அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன், இன்றைக்கு ஒரு பை ஆப்பிளோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால் சும்மாவா? அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குள் கட்டிலில் இருந்த அவள் புருஷன் எழுந்து, "வாங்க சார், வாங்க" என்று வழிந்துகொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான், இடது கையால்.

மிளகாய் என்பது அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் அவளுக்கு வைத்த பெயர். பசை ஒட்டுகிற மேஜையில் அவளைச் சீண்டியவன் ஒருத்தனும் முழுசாகத் திரும்பிப் போனதில்லை. புருஷனுக்கு நெட்டை என்று பெயர். ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவு அப்பாவி. அதே ஃபேக்டரியில் அட்டை வெட்டுகிற மெஷினில் வேலை பார்த்தவன். அந்த மெஷின்தான் அவன் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. மேனேஜருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு, ஆமாஞ்சாமி.

"நீயும் உக்காரும்மா," என்றார் ஆமாஞ்சாமி. அவள் வீட்டில் அவளையே உட்காரச் சொல்கிறார்.

"பரவாயில்ல, சொல்லுங்க."

"ஆண்டுவிழா வருதில்ல? முதலாளிக்கு ஒரு ஆசை. இந்த வருஷம் நாடகத்துல நம்ம நெட்டைதான் பாண்டிய ராஜா."

நெட்டையின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். நாலு மாசமாகச் சிரிப்பையே மறந்திருந்த மூஞ்சியில் பல்லெல்லாம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மிளகாய்க்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இந்த நாடகக் கூத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலாளிக்குத் தான் பாண்டிய வம்சம் என்று ஒரு நினைப்பு. யார் சொன்னது, எந்த வழியில் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பாண்டியர் கொடியில் மீன் என்பதால் அவருடைய பெட்டிக்குப் பெட்டி ரெண்டு மீன் அச்சடித்திருக்கும். ஆபீஸ் சுவரில் ரெண்டு மீன், விரல் மோதிரத்தில் ரெண்டு மீன். சோப்புப் பெட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் மீனைப் பார்க்கிறவன், உள்ளே கருவாடு இருக்கிறதோ என்று மோந்து பார்ப்பான் என்று பசை மேஜையில் குண்டக்கா சொல்லுவாள். வருஷா வருஷம் ஆண்டுவிழாவில் அதே ஒரு நாடகம். முதலாளிதான் ராஜா, தொழிலாளிகள்தான் மந்திரி, சேவகன், ஊர் சனம்.

கதை அங்கே எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். ஒரு பாண்டிய ராஜா மாறுவேஷத்தில் ராத்திரி காவல் சுற்றுகிறான். ஒரு வீட்டில் புருஷன் வெளியூர் போயிருக்கிறான், பெண்டாட்டி தனியாக இருக்கிறாள். ஒரு நாள் உள்ளே ஆம்பளைக் குரல் கேட்கிறது. ராஜா கதவைத் தட்டிவிடுகிறான். யாரது என்று உள்ளேயிருந்து அதட்டுகிறவன் ஊரிலிருந்து திரும்பி வந்த புருஷனேதான். ஐயோ, நம்மால் அந்தப் பெண்ணுக்குக் கெட்ட பேர் வந்துவிடுமே என்று ராஜா அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடிப்போகிறான். காலையில் சனம் அரண்மனைக்கு வந்து எவனோ திருடன் கதவைத் தட்டினான் என்று முறையிடுகிறது. அந்தத் திருடனுக்கு என்ன தண்டனை என்று ராஜா கேட்கிறான். கையை வெட்ட வேண்டும் என்கிறார் மந்திரி. தட்டியது இந்தக் கைதான் என்று சொல்லி, தன் கையைத் தானே வெட்டிப் போடுகிறான் ராஜா. அப்புறம் அவனுக்குத் தங்கத்தில் கை செய்து மாட்டுகிறார்கள்.

நல்ல கதைதான், யார் இல்லை என்றார்கள்? நாடகம் முடிந்ததும் முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீதின்னா என்னன்னு எங்க வம்சத்தைப் பாத்துக் கத்துக்கணும் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லேட்டாக வந்தவளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்.

"கை வெட்டற வரைக்கும் முதலாளி நடிப்பாரு," என்று ஆமாஞ்சாமி விளக்கினார். "கத்தியை ஓங்குவாரு, லைட்டு அணையும். நீ அதே டிரஸ்ல வந்து சிம்மாசனத்துல உக்காந்துடணும். தாடி, கிரீடம் எல்லாம் ஒண்ணுதான், வித்தியாசம் தெரியாது. லைட்டு வரும். நீ கையைத் தூக்குவ. போன வருஷம் வரைக்கும் முதலாளி கையைச் சட்டைக்குள்ள மடிச்சு வெச்சுக்கிட்டு, பாக்கவே நல்லாயில்ல. இப்ப நிஜமாவே கை இல்ல பாரு. தத்ரூபமா இருக்கும்."

"தத்ரூபமா இருக்கணும்னுதான் கையை வாங்கினீங்களா சார்?" என்றாள் மிளகாய்.

"ஏம்மா இப்படிப் பேசற? மரியாதை குடுக்கறாரும்மா மனுஷன். நாடகம் முடிஞ்ச கையோட கேட்ல வாட்ச்மேன் வேலை. வீட்டையும் காலி பண்ண வேண்டியதில்ல. போதுமா?"

"போதும் சார்," என்று உள்ளறையிலிருந்து வந்தாள் நெட்டையின் அக்கா. புருஷன் வீட்டில் சரிப்படாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். "அவ கெடக்கறா. என் தம்பி வருவான்னு முதலாளிகிட்ட சொல்லுங்க."

ஆமாஞ்சாமி போனதும் நெட்டை தன் அக்காவைப் பார்த்து, "வருஷா வருஷம் எனக்கு ஈட்டி பிடிக்கற சேவகன் வேஷம்தான். இந்தத் தடவை ராஜா," என்றான்.

"அரை ராஜா," என்றாள் மிளகாய்.

அந்த மெஷினில் ரெண்டு பச்சைப் பொத்தான் உண்டு, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. ரெண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் வெட்டுத் தகடு இறங்கும். ரெண்டு கையும் பொத்தானில் இருந்தால் தகட்டுக்கு அடியில் கை போகாது. செய்தவன் புத்திசாலி. ஆனால் முதலாளிக்கு அதில் நேரம் வீணாகிறது. "ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா அட்டையை யாரு தள்ளுவா, உங்க மாமனாரா?" என்று கேட்டு, வலது பொத்தானை அழுத்தினபடியே கருப்பு டேப்பைச் சுற்றி ஒட்டவைத்தார். அதற்கப்புறம் இடது கை பொத்தானில், வலது கை அட்டையைத் தள்ளுவதில். ஃபேக்டரியில் இருக்கிற எல்லா மெஷினிலும் இதே கதை. ஒரு நாள் அட்டை சிக்கியது, நெட்டை வலது கையால் அதை நகர்த்தினான், இடது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது.

மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்து பார்த்தபோது எந்தப் பொத்தானிலும் டேப் இல்லை. ரெண்டும் பளிச்சென்று இருந்தன. அப்படியானால் கை எப்படி உள்ளே போகும்? இவனே ஏதோ குச்சியை முட்டுக் கொடுத்துத் தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று முதலாளி சொன்னார். அதிகாரி டீ குடித்தார், தலையை ஆட்டினார், போனார். மிளகாய் டேப் விஷயத்தைச் சொல்லப் போனபோது, பெண்டாட்டி சாட்சியெல்லாம் எடுபடாது என்று ஆமாஞ்சாமியே வழிமறித்து அனுப்பிவிட்டார். ஆண்டுவிழா முடிந்த வாரம் கடைசி விசாரணை. இவன் தப்பு என்று முடிவாகிவிட்டால் நஷ்டஈடு ஒன்றும் கிடைக்காது. இருக்கிற லைன் வீடும் ஃபேக்டரியுடையதுதான்.

நெட்டைக்கு அன்றைக்கு நடந்ததில் பாதி நினைவில்லை. மயங்கிவிட்டான். கண் விழித்தபோது முதலாளியின் காரில் இருந்தான், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "சீட்டெல்லாம் ரத்தம். அதைக்கூடப் பாக்காம ஏத்திட்டுப் போனாரு" என்று நாலு மாசமாக அதே பாட்டு. அவன் மயங்கிக் கிடந்தபோது நடந்ததை மிளகாய் பார்த்தாள். அதை அவனிடம் அவள் சொல்லவில்லை. கையும் போய், நம்பிக்கையும் போய், மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான் என்று விட்டுவிட்டாள்.

ஒத்திகை வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. வெயில் தகரக் கூரையைக் காய்ச்சி எடுக்கிற மத்தியானம். அவள் சோற்றை வடிக்கிறாள், நாத்தனார் வெங்காயம் உரிக்கிறாள். நெட்டை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மொட்டைக் கையைத் தூக்கிப் பிடித்து, தொண்டையைக் கனைத்தான். "தவறு செய்தது இந்தக் கை. தண்டனை பெற்றதும் இந்தக் கை. இதில் வேறு எவர் மீதும் குற்றம் இல்லை."

மிளகாய் பானையைக் கீழே வைத்தாள். "கடைசியா என்ன சொன்னீங்க?"

"வேறு எவர் மீதும் குற்றம் இல்லை."

"அது எங்கேருந்து வந்தது? இத்தனை வருஷமா ஊர் சனத்துல ஒருத்தியா நின்னு கேக்கறேன். தவறு செய்தது இந்தக் கை, தண்டனை பெற்றதும் இந்தக் கை, அவ்வளவுதான் வசனம்."

"மேனேஜர் சேத்தாரு. உருக்கமா இருக்குமாம். மைக்கு குடுத்து என்னையே சொல்லச் சொல்லியிருக்காரு. வீடியோவும் எடுக்கறாங்க."

"சிறப்பு விருந்தினர் யாரு இந்த வருஷம்?"

நெட்டை கொஞ்சம் யோசித்தான். "அந்த அதிகாரிதான். தொழிலாளர் துறைக்காரர்."

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆமாஞ்சாமி கொண்டுவந்த ஆப்பிளை எடுத்து அவன் மண்டையிலேயே போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"புரியுதா உங்களுக்கு? உங்களை உக்காரவெச்சு, அதிகாரி முன்னாடி, என் தப்புதான், வேற யார் மேலயும் தப்பில்லன்னு உங்க வாயாலயே சொல்லவெக்கறாங்க. அது வசனமில்ல, வாக்குமூலம்."

"ராஜா சொல்றதுடி அது."

"ராஜா சொன்னா பெருமை. நீ சொன்னா கேஸ் முடிஞ்சுது." கோபம் ஏறினால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "கதவைத் தட்டினது அந்த ராஜா, கையை வெட்டிக்கிட்டதும் அந்த ராஜா. இங்க டேப் ஒட்டச் சொன்னது யாரு, கை போனது யாருக்கு? இதுல எங்க இருக்கு பாண்டிய வம்சம்?"

"கத்தாத," என்றாள் நாத்தனார், வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமலே. "லைன்ல நாலு பேர் காதுல விழும். வேலை தரேன்றாங்க, வீடு தரேன்றாங்க. ரெண்டு வார்த்தை பேசினா வாய் தேய்ஞ்சா போயிடும்?"

"வாய் தேயாது அண்ணி. மானம் தேயும்."

"மானத்தை வெச்சு உலை வெக்க முடியுமா?"

அது உண்மை என்பதுதான் மிளகாய்க்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நெட்டை ஒரு கை சோற்றுக்கு இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான். பாதி தட்டில், பாதி லுங்கியில்.

தங்கக் கை செய்கிற வேலையையும் ஆமாஞ்சாமி பசை மேஜைக்கே தள்ளிவிட்டார். அதுவும் பார்த்துப் பார்த்து மிளகாயிடமே கொடுத்தார். "உன் புருஷன் அளவு உனக்குத்தானே தெரியும்" என்று ஒரு இளிப்பு வேறு. அவள் பெட்டி அட்டையை நனைத்து விரல் விரலாகச் சுருட்டி, பசை தடவி, மேலே ஜிகினாத்தாள் சுற்றினாள். பக்கத்தில் குண்டக்கா சோப்புப் பெட்டிக்கு மூலை மடித்துக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றுவதில் அட்டைத் தூசுதான் பறந்ததே தவிர காத்து வரவில்லை. பசை வாளியில் ஈ மொய்த்தது.

"அக்கா, அன்னிக்கு நீயும்தானே பாத்த," என்றாள் மிளகாய் குரலைத் தாழ்த்தி.

குண்டக்காவின் கை நின்றது. "என்னத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"மெஷின் சத்தத்துல நான் தலையே நிமிரலடி. என்னை இழுக்காத, சொல்லிட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணு. நானும் இதே லைன்லதான் குடியிருக்கேன்." சொல்லிவிட்டு மூலையை மடித்தாள். தப்பாக மடித்துவிட்டு, பிரித்து, மறுபடி மடித்தாள். மெஷின்களில் டேப் திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நெட்டை இடத்தில் இப்போது வேறொருத்தன் நின்று இடது கையால் அழுத்தி, வலது கையால் தள்ளிக்கொண்டிருந்தான். பார்க்கவே மிளகாய்க்குப் பதறியது. அந்த ஆளுக்கும் ஒருத்தி வீட்டில் சோறு வடித்துக்கொண்டுதானே இருப்பாள்?

விழா அன்றைக்குக் காலையில் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓட்டை வழியாகச் சொட்டுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, அவள் நெட்டைக்கு முகம் மழித்துவிட்டாள். இடது கையால் அவனுக்கு இன்னும் அது வரவில்லை. அவனும் உதட்டை அசைக்காமல் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். மிளகாய் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இனிமே சண்டை போடமாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோங்க. அன்னிக்கு நான் ஓடி வந்தப்போ உங்க கை தகட்டுக்கு அடியில இருந்தது. ஃபிட்டர் தகட்டைத் தூக்கப் போராடிட்டு இருந்தான். நீங்க மயங்கித் தொங்கிட்டு இருந்தீங்க. முதலாளி வந்தாரு. கையில அட்டை கிழிக்கற கத்தி. உங்களை அவர் பாக்கல. நேரா அந்தப் பொத்தான்கிட்ட போனாரு. டேப்பை அறுத்தாரு, உருட்டினாரு, பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அப்புறம்தான் காரை எடுக்கச் சொன்னாரு. உங்க கையை எடுக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்தாரு."

நெட்டை முகத்தில் மிச்சமிருந்த சோப்பை இடது கையால் துடைத்தான்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க அவர் காரை நினைச்சு நினைச்சுத் தூங்கினீங்க. அதையும் ஏன் கெடுக்கணும்னு விட்டேன்."

அவன் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட அவள் முன்னால் வந்து நின்றான். அவள் போட்டுவிட்டாள். குடையை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, என்ன செய்யப்போகிறான் என்றும் சொல்லவில்லை. பாவி மனுஷன், தலையாவது ஆட்டியிருக்கலாம்.

சாயங்காலம் ஃபேக்டரி குடோனைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். பின்னால் அட்டை அரண்மனை, அதிலும் ரெண்டு மீன். முன்வரிசையில் அதிகாரி, கழுத்தில் மாலை, மடியில் ஒரு தட்டு பிஸ்கட். பின்னால் லைன் வீட்டுச் சனம் பூராவும். முதலாளி ராஜா வேஷத்தில் ஜிலுஜிலுவென்று வந்தார். ஊர் சனமாகக் குண்டக்காவும் மற்றப் பெண்களும் நின்று முறையிட்டார்கள். மிளகாய் தங்கக் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். ராஜா மரக்கத்தியை ஓங்கினார். ஓங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மரக்கத்திக்கே இந்தப் பயம் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

விளக்கு அணைந்தது. இருட்டில் முதலாளி தடுக்கிக்கொண்டு அவள் பக்கமாக வந்து, எதிரில் போன நெட்டையின் தோளைத் தட்டி, "கையை நல்லாத் தூக்கிக் காட்டு, கூச்சப்படாத" என்றார். அவள் காதில் தெளிவாக விழுந்தது.

விளக்கு வந்தது. சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு முழங்கால் நெஞ்சு வரைக்கும் வந்தது. பின்வரிசையில் யாரோ, "கை போனதும் ராஜா வளந்துட்டாருடா" என்றான். சிரிப்பு கிளம்பியது. நெட்டை கையைத் தூக்கினான். சிரிப்பு அடங்கியது. வெறும் கை, தையல் போட்ட தடத்தோடு. அப்புறம் கைதட்டத் தொடங்கினார்கள். அவனோடு ஒன்றாக டீ குடித்தவர்களும், பொத்தானில் டேப் ஒட்டின ஃபிட்டரும் கைதட்டினார்கள். மிளகாய்க்கு அந்த ஒவ்வொரு தட்டலும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது.

நெட்டை மைக்குக்குக் குனிந்தான். "தவறு செய்தது..."

நின்றுவிட்டான். திரைக்குப் பின்னாலிருந்து ஆமாஞ்சாமி, "இந்தக் கை," என்று எடுத்துக் கொடுத்தார். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தக் கை, இந்தக் கைன்னு சொல்லு," என்று ஆமாஞ்சாமியின் குரல் ஏறியது. முன்வரிசைக்கே கேட்டது.

"இந்தக் கை தப்பு ஒண்ணும் பண்ணலைங்க," என்றான் நெட்டை. நாடகக் குரல் இல்லை, வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல். "பொத்தான்ல டேப் ஒட்டச் சொன்னது நான் இல்ல. கை உள்ள இருக்கும்போதே அதை அறுத்து எடுத்ததும் நான் இல்ல. நான் அட்டை தள்ளினேங்க. அவ்வளவுதான் பண்ணேன்."

கிரீடமும் தாடியுமாக முதலாளி மேடைக்கு ஓடி வந்தார். இப்போது அங்கே ரெண்டு பாண்டிய ராஜா, ஒருத்தருக்குக் கை ரெண்டும் இருந்தது. மைக்கைப் பிடுங்கிச் சிரித்தார். "வசனம் மறந்துட்டான். மருந்து சாப்பிடறவன், பாவம். எல்லாரும் மன்னிக்கணும்."

அதிகாரி பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார். இத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன செய்ய முடியும் அவரால். "என்ன டேப்?" என்று கேட்டார்.

நாலு மாசத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. மிளகாய் தட்டைத் தரையில் போட்டுவிட்டு வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால், ஊர் சனம் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, நடுங்கிக்கொண்டு.

"கருப்பு டேப்புங்க," என்றாள் குண்டக்கா. "நான் பாத்தேன். இப்பவும் எல்லா மெஷின்லயும் இருக்கு. பக்கத்து ஷெட்டுதான், வாங்க, காட்டறேன்."

அவள் மேடையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பசை மேஜைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் இறங்கினார்கள். முதலாளி அவர்களுக்கு முன்னால் ஓடினார். ஷெட் கதவுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார், கிரீடம் ஒரு பக்கம் சாய, ராஜா உடுப்புக்கு அடியில் பேன்ட் பாக்கெட்டிலிருந்து உருவிய அந்த அட்டை கிழிக்கிற கத்தியோடு. அதிகாரி அதைப் பார்த்தார்.